குறிஞ்சிப்பிட்டியில் முதல் வெட்டு

ஞாயிறு, காலை 6.10

புத்தளம் பஸ் நிலையத்தில் கற்பிட்டி பஸ் புறப்படத் தயாராக நின்றது. முன் சீற் கிடைத்ததே எனக்குப் பாதி வெற்றி. முதுகுப் பையில் மடிக்கணினி, கையில் சுருட்டிய வரைபடம், மடியில் சூடான மீன் பணிஸ். குறிஞ்சிப்பிட்டிக்கு டிக்கெட் நூற்றெழுபது ரூபா. கண்டக்டர் சுருளைப் பார்த்து, "எனத்த மிஸ், பாயா?" என்றார்.

"இல்ல, உங்கட ஊர். சுருட்டிக் கொண்டு வாறன்."

"அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட் எடுங்க" என்றுவிட்டுப் போனார்.

நான் பார்க்கும் வேலையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஓர் ஊருக்கு வெள்ளமோ புயலோ வந்தால் தண்ணீர் எங்கே நிற்கும், யார் வீடு முதலில் நனையும், எந்த வழியால் வெளியேறலாம் என்று பார்த்து வரைபடம் கீற வேண்டும். அனர்த்த அபாய மதிப்பீடு என்று கடதாசியில் எழுதுவார்கள். அபாயமான இடம் சிவப்பு, தப்பிப் போகும் வழி பச்சை. நான் மட்டக்களப்பில் வெள்ளத்தோடு வளர்ந்தவள், பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்தவள். இந்த இரண்டும் போதும் என்ற நினைப்பில்தான் புத்தளக் கரைக்கு வந்தேன்.

முந்தின நாள் எலுவன்குளத்தில் நின்றேன். வில்பத்துக் காட்டோரம், வயலும் குளமுமான ஊர். அங்கே வேலை லேசு. ஆறு பெருகினால், தாழக் கட்டிய சப்பாத்துப் பாலத்துக்கு மேலால் தண்ணீர் பாயும், பாதை மூடும், அவ்வளவுதான். பாலத்துக் கல்லில் தண்ணீர் ஏறின அடையாளத்தைக் காட்டினார்கள், அளந்தேன், சிவப்புப் போட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன் முடிந்துவிட்டது. குறிஞ்சிப்பிட்டியும் அப்படித்தான் இருக்கும் என்று, வானத்திலிருந்து எடுத்த செய்மதிப் படத்தைப் பார்த்து அறையில் இருந்தபடியே வரைபடத்தில் முக்கால்வாசியைக் கீறி முடித்துக் கொண்டுவந்திருந்தேன்.

காலை 7.40

பாலாவிச் சந்தியில் பஸ் மேற்கே திரும்பியதும் காற்றில் உப்பு ஏறியது. இரண்டு பக்கமும் உப்பளங்கள், பாத்திகளில் வானம் சதுரம் சதுரமாகக் கிடந்தது. பிறகு தென்னை, மரவள்ளி, மிளகாய்த் தோட்டங்கள். தூரத்தில் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கி எந்த வளைவில் திரும்பினாலும் கூடவே வந்தது. எத்தாளையில் நடு ரோட்டில் மூன்று கழுதைகள் நின்றன. டிரைவர் ஹோர்ன் அடிக்கவில்லை. அவை யோசித்து முடிக்கும்வரை இஞ்சினை நிறுத்திவிட்டுத் தேத்தண்ணீர் குடித்தார்.

இந்தக் குடாநாட்டைக் காணாதவர்களுக்கு: ஒரு பக்கம் பெரிய கடல், மறுபக்கம் உப்புத் தண்ணீர் தேங்கி நிற்கும் களப்பு, நடுவில் ஒல்லியான மணல் நிலம். மணலைக் கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர். அதை இஞ்சின் வைத்து இறைத்துத்தான் வெங்காயமும் மிளகாயும் பீட்ரூட்டும். மழைக்காலத்தில் அதே தண்ணீர் பள்ளங்களில் மேலே வந்து நிற்கும்.

குறிஞ்சிப்பிட்டியில் நிஸார் நாநா ஓட்டோவோடு காத்திருந்தார். இந்தப் பக்கம் அண்ணன் நாநா, அக்கா ராத்தா. நாற்பது வயது இருக்கும், பேச்சுக்கு மீற்றர் இல்லாத மனிதர். "மட்டக்களப்பிலேந்து இந்த மணலுக்கு ஆள் அனுப்பி ஈக்கிறாங்களா? எங்கட ஆக்கள் அங்க போறது கல்யாணத்துக்கு மட்டும்தான்."

பிரதான வீதியிலிருந்து மேற்கே, கடல் பக்கமாக, கிறவல் போட்டு உயர்த்திய ஒரு ரோட்டு போகிறது. ஓட்டோ மீற்றரில் ஒரு கிலோமீற்றரும் இருநூறு மீற்றரும். முடிவில் பதினான்கு வீடுகள். ரோட்டின் தென்பக்கம் முழுக்கத் தோட்டங்கள் உள்ள பள்ளம். வடபக்கம் ஓர் ஓடை. அது கிழக்கே ஓடி, பிரதான வீதி மதகுக்குக் கீழால் களப்பில் விழுகிறது. என் வரைபடத்தில் பள்ளம் சிவப்பு, இந்த ரோட்டு தடித்த பச்சை. நேரில் பார்த்தபோது அந்தப் பச்சை மேல் எனக்கே ஒரு பெருமை வந்தது. சுற்றிலும் தண்ணீர் நின்றாலும் நிமிர்ந்து நிற்கக்கூடிய ரோட்டு.

பாதி வழியில் ஓட்டோ ஒரு தரம் தூக்கிப் போட்டது.

"இதுல எப்பவும் ஒரு குலுக்கல் ஈக்குது" என்றார் நிஸார் நாநா. நான் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

காலை 9.00

தங்கின வீடு ஜவாத் நாநாவுடையது, பதினான்கில் கடைசி. அவர் தோட்டக்காரர், குறைவாகக் கதைப்பவர். மனைவி நிஹாரா ராத்தா அவருக்கும் சேர்த்துக் கதைப்பவர். எனக்குப் பெரிய கோப்பை நிறையப் பிளேன்டீ ஊற்றித் தந்தார்; தனக்கு ஒரு சின்னக் கிளாஸில் இரண்டு விரலளவு. வெயில் கொளுத்தியது. அந்த இரண்டு விரலை அவர் கால் மணித்தியாலம் வைத்துக் குடித்தார்.

நான் பார்ப்பதைக் கண்டு இடது கையை நீட்டிக் காட்டினார். முழங்கைக்குக் கீழே நரம்பு புடைத்திருந்தது. "ரெண்டு கிட்னியும் லீவு போட்டுட்டு. செவ்வாயும் வெள்ளியும் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு, ரத்தம் சுத்தப்படுத்துற மெஷினுக்குப் போறன். நிஸார்ட ஓட்டோதான், மெஷின் முடிஞ்சா நடக்கேலாது. தண்ணியும் அளந்துதான் குடிக்கோணும். இந்த வருசம் நோம்புக்குப் பொறகு தொடங்கினது."

"ஒரு தரம் தவறினா?"

"தவறக் கூடாது புள்ள" என்று மட்டும் சொன்னார். மற்ற எல்லாவற்றையும் நீட்டிச் சொல்கிறவர் அதை அவ்வளவோடு விட்டார்.

மாலை 4.30

அஸர் தொழுகைக்குப் பிறகு மத்ரஸா மண்டபத்தில் கூட்டம். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள், கதிரைகள் போதாமல் பாய்கள். நான் வரைபடத்தைச் சுவரில் ஒட்டி, நல்ல வேகத்தில் விளங்கப்படுத்தினேன். பச்சைக் கோட்டில் விரலை வைத்து, "வெள்ளம் வந்தா பதினாலு வீட்டாரும் இந்த ரோட்டால வெளிய வரலாம்" என்றேன்.

முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது.

"தங்கச்சி" என்று எழும்பினார் பாரூக் என்ற வெங்காயத் தோட்டக்காரர், "மழை வந்தா நாங்க முதல்ல வெட்டுறதே அந்த ரோட்டத்தான்."

விஷயம் இதுதான். ரோட்டை உயர்த்திப் போட்ட பிறகு அது அணைக்கட்டு மாதிரி ஆகிவிட்டது. தென்பக்கப் பள்ளத்துத் தண்ணீருக்கு வடக்கே ஓடைக்குப் போக வழி இல்லை. இரண்டு நாளுக்கு மேல் நின்றால் வெங்காயம் அழுகும். ஆகவே பெருமழைக்கு ஊரே கூடி ரோட்டைக் குறுக்கே வெட்டிவிடும். மழை ஓய்ந்ததும் ஊரே கூடி மூடும். காலையில் ஓட்டோ குலுங்கியது அந்தத் தழும்பில்தான். வெட்டின நாட்களில் அப்பால் போக இரண்டு தென்னங்குற்றிகள். தெம்பு உள்ளவர்கள் நடக்கலாம். ஓட்டோ போகாது.

இதற்கு ஒரு முறையும் உண்டு. ஆளாளுக்கு வெட்ட முடியாது. பள்ளத்தில் ஆகக் கீழே யாருடைய காணி இருக்கிறதோ, முதல் நனைகிறவர் யாரோ, அவர்தான் முதல் வெட்டுப் போட வேண்டும். அவர் மண்வெட்டியை இறக்கும்வரை மற்றவர்கள் கரையில் நிற்பார்கள். பிறகு அவசரப்பட்டாய் என்றோ பிந்திவிட்டாய் என்றோ யாரும் யாரையும் குற்றம் சொல்ல இடமில்லை.

"ஆகக் கீழ யார்ட காணி?" என்று கேட்டேன்.

"ஜவாத் நாநாட."

நான் யோசிக்கவில்லை. என் வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடும். "அப்ப இந்த வருசம் வெட்டினா நிஹாரா ராத்தா எப்பிடி மெஷினுக்குப் போவா?" என்று ஊருக்கு நடுவில் கேட்டுவிட்டேன்.

சிரிப்பு நின்றது. எல்லாருக்கும் தெரிந்த ஒன்றை, எல்லாரும் சேர்ந்து கேட்காமல் விட்டிருந்த ஒன்றை, காலையில் வந்தவள் கேட்டுவிட்டாள். ஜவாத் நாநா பாயின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கத்திலிருந்து நிஹாரா ராத்தாவின் குரல்தான் வந்தது. "செவ்வாயும் வெள்ளியும் பெய்ய வாணாமெண்டு மழைக்கு ஒரு கடிதம் போடுங்களேன்."

கொஞ்சம் சிரித்தார்கள். கூட்டம் அப்படியே கலைந்தது. என் வரைபடத்தைக் கழற்றும்போது அதன் ஒரு மூலை கிழிந்தது.

மாலை 6.45

மஃரிப் தொழுகைக்குப் பிறகு குசினியில் நிஹாரா ராத்தா றொட்டி தட்டினார். நான் தேங்காய் துருவினேன். மன்னிப்புக் கேட்டேன்.

"நீ கேட்டது நல்லம். அவர் கேக்கவும் மாட்டார், செல்லவும் மாட்டார். என்னய மழை முடியும் மட்டும் புத்தளத்துல தங்கச்சி வீட்டுல வைக்கிறதெண்டு தனிய முடிவெடுத்து வச்சீக்கிறார்."

"அது பாதுகாப்புத்தானே ராத்தா?"

கல்லில் இருந்த றொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பதில் சொன்னார். "தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம் ஆக்கள மன்னாரிலேந்து வெளியேத்தக்குள்ள எனக்கு ஒம்பது வயசு. ஒரு பேக்கோட வந்தோம். கொஞ்ச நாளெண்டு சென்னாங்க. முகாம்ல, சொந்தக்காரர் வீட்டுல, ஓலைக் கொட்டில்ல, எத்தன கூரைக்குக் கீழ இருந்தனெண்டு எண்ணேலாது. இது என்ட கூரை. மழைக்கு நான் இங்கதான் இருப்பன். மெஷினுக்கும் போவன்."

இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார். நான் தேங்காயைத் துருவிக்கொண்டே இருந்தேன், தேவைக்கு அதிகமாகவே.

திங்கள், காலை 6.20

மணல் நிலத்தில் கைப்பேசி காட்டும் உயரத்தை நம்ப முடியாது. மேசன்மார் பிடிக்கும் தண்ணி லெவல்தான் நம்பிக்கை: கண்ணாடி மாதிரித் தெளிவான நீளப் பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் ஆளுக்கொருவர் பிடித்தால் இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். நிஸார் நாநா அயலில் ஒரு மேசனிடம் வாங்கித் தந்தார். மறு முனையைப் பிடிக்க ஆள் தேடித் திரும்பினேன். ஜவாத் நாநா வந்து பிடித்தார்.

நான் தேடியது ஒன்றைத்தான். ரோட்டைத் தொடாமல் தண்ணீரை ஓடைக்கு எடுக்க இன்னொரு இடம் உண்டா? மூன்று மணித்தியாலம் தடியும் குழாயுமாக நடந்தோம். கிழக்கே எங்கும் இல்லை. மேற்கே, ரோட்டு முடிந்து பதினான்காம் வீட்டுக்கும் அப்பால், நிலம் கொஞ்சம் தாழ்ந்து ஓடையின் தலைப்பைத் தொடுகிறது. இடுப்பளவு ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டினால் தண்ணீர் அந்தப் பக்கம் திரும்பும். வாய்க்கால் போக வேண்டிய, நடந்து எண்ணிய நூற்று நாற்பது கவடும் ஒரே ஆளின் நீளக் காணி. முழங்கால் உயர மிளகாய்க் கன்றுகள், வரிசை பிசகாமல்.

"இது யார்ட..." என்று தொடங்கி நிறுத்தினேன்.

"என்டதான்" என்றார் ஜவாத் நாநா. குழாயைச் சுருட்டத் தொடங்கினார். சுருட்டி முடியும்வரை கன்றுகளைப் பார்த்தபடி நின்றார். "மத்தவன்ட ரோட்ட வெட்டக்குள்ள எனக்குக் கை நடுங்கினதில்ல" என்றார் பிறகு. யாருக்குச் சொன்னார் என்று தெரியவில்லை.

மாலை 4.15

பாரூக் அரை மணித்தியாலம் வாய்க்கால் பாதையை மேலும் கீழும் நடந்தார். "இங்கால வெட்டினா தண்ணி நொண்டி நொண்டித்தான் போகும் ஜவாத். உன்ட வேகம் மாதிரி. என்ட வெங்காயம் அதுவரைக்கும் மூச்சப் புடிச்சிட்டு இருக்குமா?"

அவர் சொன்னது சரி. என் கணக்கும் அதைத்தான் சொன்னது. ரோட்டை வெட்டினால் ஒரு பகலில் வடியும் தண்ணீர், இந்த வழியால் வடிய இரண்டு நாளுக்குக் குறையாது. தலைப்பு உயரம்; சரிவு போதாது. அதை மறைக்காமல் சொன்னேன்.

"என்ட இஞ்சின் ரெண்டையும் உன்ட மூலையில வைக்கிறன்" என்றார் ஜவாத் நாநா. "உன்டதும் ஈக்குது. மூண்டும் சேந்து வாய்க்காலுக்கு இறைக்கட்டும்."

"மண்ணெண்ணெய்?"

"அத நீ ஊத்து."

"பாத்தியா, வாய் தொறக்காத மனுசன் தொறந்தா இப்பிடித்தான்" என்று பாரூக் சுற்றி நின்றவர்களிடம் முறையிட்டார். பிறகு இரண்டு விரலை உயர்த்தினார். "ரெண்டு நாள். மூண்டாம் நாளும் தண்ணி நிண்டா ரோட்டத்தான் வெட்டுவோம். எங்களுக்கும் புள்ளகள் ஈக்குது."

"மூண்டாம் நாள் நீ கேக்க வாணாம். நானே முதல் வெட்டுப் போடுறன்."

அதோடு பேச்சு முடிந்தது. கைகொடுக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. ஜவாத் நாநா சாரத்தை மடித்துக் கட்டினார். வானத்தில் ஒரு மேகம் கிடையாது. எல்லாரும் மழையில் நிற்பது போலவே கரையில் ஒதுங்கி நின்றார்கள். முறைப்படி அவர் மண்வெட்டி இறங்கும்வரை யாரும் கால் வைக்கவில்லை. முதல் வெட்டு ஒரு மிளகாய்க் கன்றைப் பக்கவாட்டில் சாய்த்தது. அவர் குனிந்து அதைப் பிடுங்கி ஓரமாக வைத்தார். இரண்டாவதையும் அப்படி வைத்தார். மூன்றாவதிலிருந்து வைக்கவில்லை, வெட்டிக்கொண்டே போனார். அதன் பிறகு பத்துப் பன்னிரண்டு மண்வெட்டிகள் இறங்கின. மணல் சரியாமல் இரண்டு பக்கமும் பின்னிய தென்னோலைக் கிடுகு சாத்தினார்கள்.

குசினிக் கதவில் நின்று நிஹாரா ராத்தா பார்த்துக்கொண்டிருந்தார். "நேரா வெட்டுங்க. பாம்பு போன தடம் மாதிரி ஈக்குது!"

"நீ வந்து வெட்டு" என்றார் ஜவாத் நாநா, நிமிராமல். ஊரில் பலருக்கு அவர் பகிடி விட்டுக் கேட்டது அதுதான் முதல் தடவையாம்.

செவ்வாய், காலை 5.30

விடியும் வெளிச்சத்தில் நிஸார் நாநாவின் ஓட்டோவில் நானும் நிஹாரா ராத்தாவும் புறப்பட்டோம். அவருக்கு மெஷின், எனக்கு வீட்டுக்குப் போகும் பஸ். தழும்பு வருமுன்பே ராத்தா கம்பியைப் பிடித்துக்கொண்டார். ஓட்டோ குலுங்கி இறங்கியது.

"இந்த ரோட்டுக்கு இப்ப என்ன நிறம் போடப் போற?" என்று கேட்டார்.

"இன்னும் போடல்ல ராத்தா. பென்சிலால கோடு மட்டும்தான். மழை பெஞ்ச பிறகுதான் தெரியும்."

"படிச்ச புள்ளையெண்டு பாத்தா, மழையிட்டக் கேட்டுத்தான் எழுதுவியா?"

"ஓம்" என்றேன். உண்மையில் இந்தப் பயணத்தில் நான் படித்தது அவ்வளவுதான். எலுவன்குளத்தில் ஆற்றைக் கேட்டால் போதும். இங்கே மழை, பாரூக்கின் வெங்காயம், மூன்று இஞ்சின்கள், ஒரு மனிதரின் மண்வெட்டி எல்லாவற்றையும் கேட்க வேண்டும். செய்மதிப் படத்தில் இவற்றில் ஒன்றும் தெரியாது.

ஆஸ்பத்திரி வாசலில் அவர் இறங்கி, முந்தானையைச் சரிசெய்து, திரும்பிப் பார்க்காமல் நடந்தார். வேலைக்குப் போகிறவரின் நடை.

கார்த்திகை, ஒரு செவ்வாய், காலை 7.00

மூன்று நாளாக நாடு முழுக்க மழை. நான் மட்டக்களப்பில் வீட்டில் நின்றேன். ஆற்றுவாயை வெட்டப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, கடலுக்கு வழி தேடும் வாவித் தண்ணீரைப் பார்க்க நானும் போனேன். சின்ன வயதில் பள்ளிக்கூடம் விட்டு ஓடிப்போய் இதைப் பார்த்திருக்கிறேன். மணல் திட்டு உடைந்து, வாவி கடலுக்குள் இரைந்து பாய்வது எங்களுக்கு ஒரு திருவிழா. வயல்காரர் சீக்கிரம் வெட்டச் சொல்வார்கள், மீன்பிடிக்கிறவர்கள் பொறுக்கச் சொல்வார்கள், எங்கள் வீட்டிலேயே இரண்டு கட்சியும் உண்டு. இத்தனையும் தெரிந்திருந்தும், குறிஞ்சிப்பிட்டியில் ஒரு ரோட்டை வெட்டுவார்கள் என்று எனக்குத் தோன்றாமல் போனதே. குடைக்குள் நின்று, வெட்டினால் அந்தக் கரைக்கு யார் யார் எப்படிப் போவார்கள் என்று பக்கத்தில் நின்றவரிடம் விசாரித்தேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

அப்போது நிஸார் நாநாவின் அழைப்பு.

"தங்கச்சி, இங்க மூணு நாளா ஊத்துது. வாய்க்கால் ஓடுது. நொண்டி நொண்டித்தான், ஆனா ஓடுது."

"ரோட்டு?"

"அதாலதானே வந்தோம். இப்ப உப்பளம் தாண்டுறம்."

"இண்டைக்கு மூண்டாம் நாள். பாரூக் நாநா?"

"இஞ்சினுக்குப் பக்கத்துல குடையோட நிக்கிறார். ஏச்சுக்குக் குறைச்சல் இல்ல. ஆனா ராத்தா திரும்பி வீட்டுக்கு வரும் மட்டும் ஒருத்தனும் ரோட்டுல மண்வெட்டி வைக்கக் கூடாதெண்டு செல்லிட்டார். இரு, ஒராள் கதைக்கணுமாம்."

மழை இரைச்சலுக்குள் நிஹாரா ராத்தாவின் குரல் வந்தது. "புள்ள, அந்தப் பென்சில் கோட்டுக்கு நிறம் போடு. ஒரு எடத்துல சில்லு நனஞ்சிச்சு. அதால கடும் பச்சை வாணாம். இளம் பச்சை போடு."